ஒற்றி வைத்த மண், ஏலத்துக்கு வரும் வீடு

இந்த அறக்கட்டளை மேடையில் கல்வெட்டும் கம்பனும் நாட்டார் தெய்வங்களும் பேசப்படுவதுதான் வழக்கம். வீட்டுக்கடன் பற்றிப் பேசட்டுமா என்று நான் கேட்டபோது அறக்கட்டளைக் குழுவினர் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. “பேசுங்க, எங்க வீட்டிலயும் ஒண்ணு கெடக்கு” என்றார் அதில் மூத்தவர். அந்த வார்த்தை தந்த துணிவோடு இங்கே நிற்கிறேன்.

முப்பது ஆண்டுகளாக நாகர்கோவிலில் வழக்கறிஞராக இருக்கிறேன். சொத்து வழக்குகளில் தொடங்கியவன், கடந்த பதினைந்து ஆண்டுகளாகப் பெரும்பாலும் கடன் வழக்குகளோடு மதுரைக்குப் போய்வந்துகொண்டிருக்கிறேன். நம் மாவட்டத்துக்கான கடன் மீட்புத் தீர்ப்பாயம் அங்கேதான் இருக்கிறது. அந்த 240 கிலோமீட்டரில் கட்சிக்காரர்கள் சொன்ன கதைகள்தான் இன்றைய பேச்சின் சரக்கு.

ஒரு ஆடி மாதம், சாரல் விட்டுவிட்டுப் பெய்த மாலையில், திங்கள்சந்தைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். கையில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று. மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே பதினொரு தபால் உறைகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. எல்லாம் ஒப்புகைச் சீட்டோடு வந்த பதிவுத் தபால்கள். கையெழுத்துப் போட்டு வாங்கி, அப்படியே டப்பாவுக்குள் வைத்திருக்கிறார்.

“ஏம்மா ஒண்ணையும் பிரிக்கல?”

“பிரிச்சா பதில் சொல்லணும்லா சார்.”

மகன் வளைகுடாவில் வேலை பார்த்தபோது, பன்னிரண்டு சென்ட் மனையில் பழைய ஓட்டு வீட்டை இடித்துக் காங்கிரீட் வீடு கட்டினார்கள். அதற்கு வாங்கிய கடன். 2020இல் மகனுக்கு வேலை போயிற்று. திரும்பி வந்தவருக்கு இங்கே கிடைத்த சம்பளம் தவணைக்கே போதவில்லை. அம்மாவும் கடனில் கூட்டுக் கையெழுத்துப் போட்டவர். அவர் பெயருக்கும் தபால் வந்துகொண்டே இருந்தது.

உறைகளைத் தேதிவாரியாக அடுக்கினோம். ஆறு உறைகள் நினைவூட்டல் கடிதங்கள். ஏழாவது, நீதிமன்றத்துக்குப் போகாமலேயே அடமானச் சொத்தை எடுக்க வங்கிக்கு வழிவிடும் சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவின்கீழ் வந்த அறுபது நாள் அறிவிப்பு. ஒன்பதாவது சுவாதீன அறிவிப்பு. அதன் நகலை வீட்டுக் கதவில் பசை தடவி ஒட்டிப் போயிருக்கிறார்கள். அதன்மேல் ஒரு சாமிப்பட நாள்காட்டியை அம்மா மாட்டி மறைத்திருக்கிறார் என்பது பின்னால்தான் எனக்குத் தெரியவந்தது. பதினோராவது உறையைப் பிரிக்கும்போது என் கையே நடுங்கியது. ஏல அறிவிப்பாக இருக்குமோ என்ற பயம். இல்லை. சொத்தை மதிப்பீடு செய்ய ஆள் வருவார் என்ற தகவல். எனக்கு மூச்சு வந்தது. ஏன் மூச்சு வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்த ஒரு மணி நேரம்.

இந்த அம்மாவுக்குச் சில மாதங்கள் முன்பு தோவாளைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். துணிப்பையில் பணம். மனைவியின் நகையை விற்று, தம்பியின் வயலை விற்று, கேட்ட தொகை முழுவதையும் புரட்டிக்கொண்டு வந்திருந்தார். ஏலம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஏலம் எடுத்தவர் கால்பங்குத் தொகையைக் கட்டிவிட்டார். வங்கியில் வாங்க மாட்டேன் என்கிறார்கள். அவர் என்னிடம் கேட்டதை அப்படியே சொல்கிறேன்: “ஒற்றி வச்ச எடத்துக்குப் பணத்தக் கொண்டு குடுத்தா திருப்பித் தரணும்லா சார்? அதுதானே ஞாயம்?”

அவர் கேட்டதில் தப்பே இல்லை. அவர் தாத்தா காலத்து ஞாயம் அது. சட்டம் இன்னொரு ஞாயத்துக்கு மாறிவிட்டது, அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

நாஞ்சில் நாட்டில் ஒற்றி என்பது கடன் வகையில் ஒன்று மட்டுமில்லை, அது ஒரு வாழ்க்கை முறை. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைக் கவிமணி ஆராய்ந்தார்; அ.கா. பெருமாள் பதிப்பித்திருக்கிறார். நிலம், ஒற்றி, அடிமை விற்பனை என்று அந்தக் காலத்தின் கொடுக்கல் வாங்கல் அவ்வளவும் அவற்றில் கிடக்கிறது. கவிமணியின் மருமக்கள்வழி மான்மியம் காட்டும் குடும்பங்கள் வழக்காலும் கடனாலும் நைந்தவை. 1926இல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்து சொத்துரிமை மாறியபிறகும் ஒற்றி மாறவில்லை. பெண்ணுக்குக் கல்யாணமா, வயலை ஒற்றி வை. வைத்தியச் செலவா, தோப்பை ஒற்றி வை. பணம் கொடுத்தவர் நிலத்தை அனுபவிப்பார், நமக்கு வட்டி கிடையாது. நமக்குக் காசு வரும்போது அசலைக் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம். அப்பா மீட்காவிட்டால் மகன் மீட்பான்.

சட்டமும் இதற்கு ஒத்துத்தான் இருந்தது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 60ஆம் பிரிவில் மீட்கும் உரிமையைச் சொல்கிறது. அந்த உரிமையைக் கடன் கொடுத்தவர் கையெழுத்து வாங்கிப் பறிக்க முடியாது என்பது நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொன்னது. 2014இல் சிங் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. அனுபவ ஒற்றிக்கு முப்பது ஆண்டு கடந்துவிட்டது என்பதாலேயே ஒற்றிதாரர் சொத்துக்காரர் ஆகிவிட மாட்டார். பணம் கொடுக்கப்பட்ட நாளிலிருந்தோ, வருமானத்தில் கடன் அடைந்த நாளிலிருந்தோதான் கெடு ஓடத் தொடங்கும். தாத்தா ஒற்றி வைத்த நிலத்தைப் பேரன் மீட்டதை இந்த மாவட்டத்து நீதிமன்றங்களில் நானே பார்த்திருக்கிறேன். என் அப்பாவும் ஒரு விளையை அப்படி மீட்டார். சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் நேரே அந்த விளைக்குப் போய் ஒரு தென்னை மூட்டில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போது பத்து வயது.

இந்த நினைவோடுதான் நம் ஆட்கள் வங்கிக்குள் போகிறார்கள். வீட்டுப் பத்திரமான பிரமாணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். மனசுக்குள் அது ஒற்றிதான். பணம் வரும்போது மீட்டுக்கொள்ளலாம், இடம் எங்கே போகப்போகிறது என்ற நிம்மதி. 2002இல் வந்த சர்ஃபேசி சட்டம் அந்த நிம்மதியின்மேல் ஒரு தேதியைப் போட்டது.

சட்டத்தின் நடை எப்படி என்பதைச் சொல்லிவிடுகிறேன். தவணை தொண்ணூறு நாள் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. பிறகு அறுபது நாள் அறிவிப்பு. அதற்கு நீங்கள் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். கொடுத்தால் வங்கி பதினைந்து நாளில் காரணத்தோடு பதில் சொல்லியே ஆக வேண்டும். இது 13(3ஏ) பிரிவு. நூறு பேருக்கு அறுபது நாள் அறிவிப்பு வந்தால் இந்தப் பதிலைக் கேட்டு எழுதுபவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான் என்பது என் அனுபவம். அறுபது நாள் முடிந்தால் வங்கி சொத்தைச் சுவாதீனம் எடுக்கலாம், நீதிமன்றத்துக்குப் போகாமலேயே. முதலில் காகிதத்தில், கதவில் ஒட்டி, ஏழு நாளுக்குள் இரண்டு செய்தித்தாளில், அதில் ஒன்று உள்ளூர் மொழியில், விளம்பரம் கொடுப்பார்கள். ஆளை வெளியேற்ற வேண்டுமானால் 14ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ உத்தரவு வாங்க வேண்டும். பிறகு மதிப்பீடு, குறைந்தபட்ச விலை, முப்பது நாள் விற்பனை அறிவிப்பு, ஏலம்.

இந்த வரிசையில் மீட்கும் உரிமை எங்கே முடிகிறது? 2016 வரை, விற்பனை நடந்து முடியும்வரை பணத்தைக் கட்டி மீட்க இடம் இருந்தது. அந்த ஆண்டு 13(8) பிரிவைத் திருத்தினார்கள். ஏல அறிவிப்பு வெளியாகும் நாளோடு உரிமை முடிந்தது. 2023 செப்டம்பரில் செலிர் எதிர் பஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் உறுதி செய்தது. பதினோராவது உறையைப் பிரித்தபோது எனக்கு மூச்சு வந்தது இதனால்தான். தோவாளைக்காரருக்கு நான் பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்ததும் இதனால்தான்.

இந்தத் திருத்தம் எனக்கு உடன்பாடில்லை. ஏலம் எடுப்பவருக்கு உறுதி வேண்டும் என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் முழுப் பணத்தோடு வாசலில் நிற்கும் வீட்டுக்காரரைவிட, விளம்பரத்தைப் பார்த்து வரப்போகும் யாரோ ஒருவருக்கு முன்னுரிமை கொடுக்கும் சட்டம், குடியிருக்கும் வீட்டையும் தொழிற்சாலையையும் ஒரே தராசில் நிறுக்கிறது. பெருமுதலாளிகளின் வாராக்கடனைப் பிடிக்க வந்த சட்டம் இது. 2004இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில்தான் இதன் செல்லுபடி முடிவானது. கம்பெனிப் பெயரைப் பார்த்தாலே யாருக்காக எழுதிய சட்டம் என்று தெரியும். அந்தத் தீர்ப்பில் ஒரு நல்லது நடந்தது. தீர்ப்பாயத்துக்குப் போக நிலுவையில் 75 விழுக்காட்டை முன்கூட்டிக் கட்ட வேண்டும் என்ற விதியை நீதிமன்றம் அடித்துவிட்டது. அதனால்தான் இன்று வங்கி எடுத்த நடவடிக்கைக்கு எதிராக 45 நாளுக்குள் 17ஆம் பிரிவின்படி மதுரைக்கு ஒரு மனுவாவது போட முடிகிறது. அங்கே தோற்று மேல்முறையீட்டுக்குச் சென்னைக்குப் போனால் கடனில் பாதியைக் கட்ட வேண்டும். தீர்ப்பாயம் மனசு வைத்தால் கால்பங்கு.

யாருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. நம் ஊரில் தோப்புக்கு நடுவே வீடு, வீட்டைச் சுற்றி வாழையும் தென்னையும் என்பது சகஜம் என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். வருவாய்ப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் போதாது, அந்த மண்ணில் உண்மையில் என்ன நடக்கிறது என்றும் பார்க்க வேண்டும். 2018இல் நம் தமிழ்நாட்டு வழக்கான பாப்பிரெட்டியார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத்தான் சொன்னது. அடுத்தது, அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் இருபது விழுக்காட்டுக்கும் குறைவாகவே பாக்கி இருந்தால் பொருந்தாது. பதினைந்து வருடம் ஒழுங்காகக் கட்டிக் கடைசியில் தடுமாறியவர்களுக்கு இது பெரிய கவசம். பலர் தெரியாமலேயே வீட்டைக் காலி செய்கிறார்கள்.

ஏலத்தோடு கடன் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். சாவியைக் கொடுத்துவிட்டால் விட்டுவிடுவார்களாமே என்று ஒரு தம்பி கேட்டான், அமெரிக்கச் செய்தியைப் படித்துவிட்டு. அங்கே கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில், வீடு வாங்கிய கடனுக்கு அப்படி உண்டு. இங்கே கிடையாது. ஏலத் தொகை போதாவிட்டால் மீதிக்கு வங்கி உங்கள்மேல் வழக்குப் போடும். அதே சட்டம், ஏலத்தில் கூடுதலாக வந்தால் மிச்சத்தை உங்களுக்கே தர வேண்டும் என்றும் சொல்கிறது. கேட்டு வாங்குங்கள். மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டால் வீடு தப்பும் என்று டீக்கடையில் சொல்வார்கள். அடமானம் வாங்கியவரின் உரிமையை நொடிப்புச் சட்டம் தொடுவதில்லை. அந்த வழியில் போக வேண்டாம்.

இனி, நெருக்கடி எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். ஊதாரித்தனம் என்று ஊர் பேசும். என் மேசைக்கு வந்தவர்களில் ஊதாரிகள் மிகக் குறைவு. 2011இல் கிலோ 240 ரூபாயைத் தொட்ட ரப்பர் ஷீட், 2016 தொடக்கத்தில் நூறுக்கும் கீழே வந்தது. குலசேகரம், திருவட்டாறு பக்கம் நல்ல விலையை நம்பி மாடி எடுத்தவர்கள் என்ன தப்புச் செய்தார்கள்? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தது. கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டில், இறப்புச் சான்றுக்கே அலைந்துகொண்டிருந்த பெண்ணிடம் தவணை கேட்டு ஆள் வந்தது. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுக்கடன் கொடுக்கும்போதே கடன் வாங்கியவர் பெயரில் ஆயுள் காப்பீடு எடுத்து, பிரீமியத்தைக் கடனோடு சேர்த்துவிடுவது பல இடங்களில் வழக்கம். வீட்டில் இருப்பவர்களுக்கு அது தெரிவதில்லை. ஒருவர் இறந்தால் முதலில் கேட்க வேண்டியது, இந்தக் கடனுக்குக் காப்பீடு இருக்கிறதா என்பதைத்தான்.

வட்டியைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 2020 மே மாதம் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 4 விழுக்காடு. 2023 பிப்ரவரியில் 6.5. மாறும் வட்டியில் கடன் வாங்கியவர்களுக்கு இரண்டரை விழுக்காடு ஏறியது. 20 லட்சம் கடன், 7 விழுக்காடு, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை 15,506 ரூபாய். இரண்டு ஆண்டு கட்டினால் அசல் 19 லட்சத்துக்குச் சற்று மேலே நிற்கும். மாதம் நாலாயிரத்து நானூறு ரூபாய்போல அசலில் கழிந்துகொண்டிருக்கும். இப்போது வட்டி 9.5 ஆகிறது. தவணையை உயர்த்தாமல் விட்டால் வட்டிக்கே 15,050 போய்விடும். அசலில் கழிவது சுமார் 450 ரூபாய். இன்னும் 18 ஆண்டில் முடிய வேண்டிய கடன் 37 ஆண்டு ஓடும். தவணை அதேதானே போகிறது என்று வீட்டுக்காரர் நிம்மதியாக இருப்பார். அவர் ஓய்வு பெற்று, பேரன் வேலைக்குப் போனபிறகும் கடன் நிற்கும். 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி இதற்கு ஒரு சுற்றறிக்கை விட்டது. வட்டி மாறும்போது அதன் விளைவைக் கடன் வாங்கியவருக்குச் சொல்ல வேண்டும். தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று அவரைக் கேட்க வேண்டும். நிலையான வட்டிக்கு மாற வழி தருவதும் அப்போது கட்டாயமாக இருந்தது; 2025 அக்டோபரிலிருந்து அது வங்கியின் விருப்பம். அதே நாளில் வந்த இன்னொரு சுற்றறிக்கை, அபராதத்தை வட்டியாகப் போட்டு அதன்மேல் வட்டி வளர்ப்பதை நிறுத்தியது. கணக்கு அறிக்கையை வாங்கிப் பாருங்கள். அபராதம் அசலில் ஏறியிருந்தால் எழுதிக் கேளுங்கள். கேட்டுக் குறைத்த கணக்குகள் என்னிடம் இருக்கின்றன.

தவணை தடுமாறத் தொடங்கிய முதல் மாதம்தான் உங்கள் கையில் அதிக பலம் இருக்கும் மாதம். அப்போது கணக்கு இன்னும் நல்ல கணக்கு. கிளை மேலாளருக்கும் அது வாராக்கடன் ஆகாமல் இருப்பது நல்லது. காலத்தை நீட்டிக் கேட்கலாம், சில மாதம் வட்டி மட்டும் கட்ட அனுமதி கேட்கலாம், குறைந்த வட்டிக்கு வேறு வங்கிக்கு மாற்றலாம். மாறும் வட்டிக்கடனை முன்கூட்டி அடைக்க வங்கிகள் அபராதம் வாங்கக்கூடாது என்பது 2012இலிருந்தே விதி. தொண்ணூறு நாள் தாண்டினால் இந்தக் கதவுகளில் பாதி சாத்தப்படும். வேறு வங்கி உங்களைத் திரும்பிப் பார்க்காது.

ஒரே தவணைத் தீர்வு என்பதை நம்பியே சிலர் தவணையை நிறுத்திவிடுகிறார்கள். வங்கி தள்ளுபடி தரும், காத்திருப்போம் என்று. அது உரிமை இல்லை. 2021 டிசம்பரில் பிஜ்னோர் கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது: கொடுப்பதும் மறுப்பதும் வங்கியின் முடிவு. கொடுத்தால் நல்லது, குறித்த நாளில் கட்ட முடியும் என்றால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். பாதி கட்டி மீதி கட்டாமல் விட்டு, சலுகையும் போய்ப் பழைய தொகையும் திரும்பி வந்த குடும்பங்கள் உண்டு.

மக்கள் நீதிமன்றத்தை நான் நம்புகிறேன். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. கட்டணம் இல்லை, அங்கே முடிந்தால் மேல்முறையீடு இல்லை. பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. வசூலுக்கு வருபவர் காலை எட்டுக்கு முன்னும் இரவு ஏழுக்குப் பின்னும் அழைக்கக்கூடாது. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார், பிறகு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு. 14448 என்ற எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள், செலவு கிடையாது.

இத்தனையும் வங்கிக்கடன். இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. வங்கித் தவணையைக் கட்ட வெளியில் வட்டிக்கு வாங்குவது. அதற்கு ஈடாக வீட்டைக் கிரயம் எழுதிக் கொடுப்பது. “சும்மா ஒரு உறுதிக்குத்தான், பணம் வந்தா திருப்பி எழுதித் தாறேன்” என்பார். பதிவு அலுவலகத்தில் நடப்பது அடமானம் இல்லை, விற்பனை. திருப்பி எழுதித் தருவேன் என்ற வாக்கு அதே பத்திரத்துக்குள் இருந்தால்தான் சட்டம் அதை அடமானமாகப் பார்க்கும் என்கிறது 58(சி) பிரிவு. வாய்ச்சொல்லுக்கும், தனித்தாளில் எழுதிய உறுதிக்கும் அந்தப் பலம் இல்லை. இங்கே ஒற்றியின் நினைவு நம்மை மறுபடி ஏமாற்றுகிறது. மீட்டுவிடலாம் என்று நினைத்து விற்றுவிட்டு வருகிறோம். 2003ஆம் ஆண்டின் அதீத வட்டி தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் குற்றம் என்கிறது. மூன்று ஆண்டு சிறை வரை உண்டு. கடன் கொடுத்தவர் வாங்க மறுத்தால் பணத்தை நீதிமன்றத்தில் கட்டவும் அதில் வழி இருக்கிறது. ஆனால் 2017 அக்டோபரில் பக்கத்துத் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாசலில் கந்துவட்டி நெருக்கடியில் ஒரு குடும்பம் குழந்தைகளோடு எரிந்ததே, அப்போது இந்தச் சட்டத்துக்குப் பதினான்கு வயது. அந்தக் குழந்தைகளை நினைக்காமல் இந்தப் பிரிவை என்னால் வாசிக்க முடிவதில்லை. கடன் நெருக்கித் தூக்கம் வராமல் இந்த அவையில் யாராவது இருந்தால், என்னிடம் வாருங்கள், வேறு யாரிடமாவது போங்கள், இன்றே வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டுக்கு இன்னொரு வீடு உண்டு.

ஒற்றிக்கு வீடு எடுத்துக் குடியிருப்பவர்களையும் மறந்துவிடக்கூடாது. வடசேரியிலும் கோட்டாற்றிலும் மூன்று லட்சம், ஐந்து லட்சம் கொடுத்து வாடகை இல்லாமல் இருப்பவர்கள் எத்தனை பேர்! பலரிடம் இருப்பது ஒரு முத்திரைத்தாள் ஒப்பந்தம்தான். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட எந்த அனுபவ ஒற்றியும் பதிவு செய்யப்பட வேண்டும். வீட்டுக்காரர் ஏற்கெனவே வங்கியில் பிரமாணத்தை வைத்திருந்தால் ஏலத்தில் இவர்தான் முதலில் வெளியே நிற்பார், கொடுத்த பணத்துக்கு வீட்டுக்காரரின் பின்னால் அலைய வேண்டும். பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.

கடனில் மூழ்கிய வீடுகளுக்கு அரசே கைகொடுத்ததும் உண்டு. அமெரிக்காவில் 1933இல், வீடுகள் ஆயிரக்கணக்கில் பறிபோன காலத்தில், அரசே ஒரு கழகம் தொடங்கி மூழ்கிய வீட்டுக்கடன்களை வாங்கி, 5 விழுக்காடு வட்டிக்குப் பதினைந்து ஆண்டுக் கடனாக மாற்றிக் கொடுத்தது. சுமார் பத்து லட்சம் வீடுகள். அவற்றிலும் ஐந்தில் ஒன்று கடைசியில் பறிபோனது, நான்கு நின்றன. நம் அரசு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கக் கடன்களுக்கு அவ்வப்போது அபராத வட்டியைத் தள்ளுபடி செய்திருக்கிறது. வங்கிக்கடனில் விழுந்த சிறு வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு கை நீளவில்லை. நீள வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

ஸ்பெயின் நாட்டு பார்சலோனாவில் 2009இல் கடனில் மாட்டிய குடும்பங்களுக்காக ஓர் அமைப்பு தொடங்கினார்கள். அதில் முன்னின்ற அடா கொலாவ் என்ற பெண் 2015இல் அந்நகரின் மேயரானார். அவர்கள் வாராவாரம் கூடினார்கள். வந்தவர்கள் எல்லார் முன்னிலும் தங்கள் கடனைத் தாங்களே சொல்ல வேண்டும். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தப் பிஸ்கட் டப்பா ஞாபகம் வந்தது. நம் மாவட்டத்தில் கடனைவிடக் கனமானது மானம். பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாது, சம்பந்தி வீட்டுக்குத் தெரியக்கூடாது, பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரம். அந்த மறைப்பில் கழிந்துபோகிற ஒவ்வொரு மாதமும் 13(8) பிரிவின் கணக்கில் கழிகிறது. தன் வீட்டை வங்கி விற்குமுன் தானே விற்பது தோல்வி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நான் பார்த்தவரை, வங்கியின் சம்மதத்தோடு தானே ஆள் பார்த்து விற்றவருக்கு நல்ல விலை கிடைத்திருக்கிறது, மிச்சப் பணம் கையில் இருந்திருக்கிறது, குழந்தைகள் பள்ளி மாறாமல் வாடகை வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

திங்கள்சந்தை அம்மாவுக்கு அதிலும் பாதிதான் தேவைப்பட்டது. வீடு நின்றது ஏழு சென்டில். பின்பக்கம் ஐந்து சென்ட் சும்மா கிடந்தது. இரண்டு பலா, ஒரு புளி. அதை மட்டும் பிரித்து விற்க அனுமதி கேட்டு எழுதினோம். மூன்று முறை எழுதினோம். மதிப்பீட்டாளர் வருவதற்கு முந்தின வாரம் சம்மதம் வந்தது. வாங்கியவரின் பணம் நேரே கடன் கணக்கில் போயிற்று, கணக்கு முடிந்தது.

கடன் முடிந்து முப்பது நாளுக்குள் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் என்பது 2023 டிசம்பரிலிருந்து விதி. இருபத்தாறாம் நாள் பிரமாணங்கள் வந்தன. அம்மா அவற்றை நேரே என்னிடம் கொண்டுவந்தார். அவற்றில் மூத்தது 1968இல் மாமனார் பெயரில் எழுதியது, கடைசிப் பக்கத்தில் அவருடைய கைநாட்டு. பழைய எழுத்து, எனக்குப் புரியவில்லை, நான்கெல்லையை வாசியுங்கள் சார் என்றார். கிழக்கே குளத்தங்கரை நடைபாதை என்று தொடங்கினேன். தெற்கே, வடக்கே எல்லாம் தலையாட்டிக் கேட்டார். மேற்கே என்று வந்ததும், “அது போதும் சார்” என்று கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டார். அந்தப் பக்கம்தான் விற்றுப்போன ஐந்து சென்ட்.